அந்த வண்டியில் வெல்டிங் இல்லை

வசு,

நீ செடி எடுக்கக் கிளம்பிப் போன பிறகு இதை எழுத உட்கார்ந்தேன். எழுதி முடித்ததும் உன் மேசையில், என் பழைய டார்ச்சுக்கு அடியில் வைத்துவிட்டு, அம்மாவோடு கடைக்குப் போய்விடுவதாக உத்தேசம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு என்ன கடிதம் என்று சிரிப்பாய். நேரில் பேசினால் நான்காவது வாக்கியத்தில் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. எனக்குச் சொல்ல வேண்டியது ஐந்தாவது வாக்கியத்தில் இருக்கிறது. அதோடு, முப்பத்தைந்து வருடம் இன்சூரன்ஸ் சர்வேயராக அடிபட்ட வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதிப் பிழைத்தவன் நான். அறிக்கையில் தப்பு இருந்தால் வாயால் திருத்துவது செல்லாது. எழுத்தில்தான் திருத்த வேண்டும்.

ஆகவே திருத்தத்தை முதலிலேயே எழுதிவிடுகிறேன். போன மாதம் கார்டன் ரீச்சில் நாம் பார்த்த டீசல் பிக்கப், நீ வங்காளிப் பெண் மாதிரி சித்தப்பா முறை வைத்து நிமாய் காக்கு என்று கூப்பிட்டாயே, அவருடைய வண்டி. அதன் சேசிஸில் வெல்டிங் இருக்கிறது, பெரிய அடி வாங்கிய வண்டி, வேண்டாம் என்று உன்னிடம் சொன்னேன். அது பொய். அந்த வண்டியில் வெல்டிங் இல்லை. முன்னாலிருந்து பின்னால் வரை சேசிஸின் இரண்டு சட்டமும் கம்பெனியில் இருந்து வந்தபடியே நேராக இருக்கின்றன. வேலையில் இருந்த காலத்தில் எத்தனையோ பட்டறைக்காரர்கள் ஒரு வரியை மாற்றி எழுதச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார்கள், மிரட்டியிருக்கிறார்கள். ஒருவருக்கும் நான் மாற்றி எழுதியதில்லை. என் வாழ்நாளில் கொடுத்த ஒரே பொய் அறிக்கையை என் பெண்ணுக்குக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பைபாஸ் பக்கத்தில் ஏதோ பழைய வண்டி யார்டில் இன்னொரு பிக்கப் பார்க்கப் போகிறாய். "நீங்க வர வேணாம்ப்பா. உங்களுக்கு எந்த வண்டியும் பிடிக்காது" என்று நேற்று சாப்பிடும்போது சொன்னாய். கோபமில்லாமல் சொன்னாய், அதுதான் எனக்கு உறைத்தது. போனில் நீ காட்டிய படங்களைப் பார்த்தேன். புது பெயின்ட், புது சீட் கவர், புது மிதியடி, டாஷ்போர்டில் ஒட்டியிருக்கும் பிள்ளையார்கூடப் புதுசு. என் தொழிலில் இத்தனை புதுசும் ஒன்றாக வந்து நின்றால் எதை மறைக்கிறார்கள் என்றுதான் முதலில் தேடுவோம். மழை வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டியாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். படத்தைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. நான் ஒரு நல்ல வண்டியைக் கெடுத்ததால் நீ ஒரு மோசமான வண்டியில் போய் விழக் கூடாது, அவ்வளவுதான் என் கவலை. ஜூலையில் அந்தப் பாலிகஞ்ச் குடியிருப்பின் மொட்டைமாடித் தோட்ட வேலை தொடங்குகிறது. போன தடவை வாடகை வண்டிக்காரன் சொன்ன நேரத்துக்கு வராமல், நாற்பது செடிகள் நடைபாதையில் வெயிலில் வாடி, நீ அழுதுகொண்டே தண்ணீர் தெளித்ததை நானும் பார்த்தேன். அதைப் பார்த்த பிறகுதான் அந்தப் பொய்யையும் சொன்னேன். எப்படி மனசு வந்தது என்று நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

உனக்கு எட்டு வயது இருக்கும்போது ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு பட்டறைக்கு வருவாய். நான் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு பார்ப்பேன். நீ குந்தி உட்கார்ந்து, இதே டார்ச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருப்பாய். சேசிஸ் எண் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் வேலையை உனக்குத்தான் கொடுப்பேன். எண்கள் ஒவ்வொன்றாகக் காகிதத்தில் எழுந்து வருவதைப் பார்த்து நீ வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பாய். ஒருநாள் முன்பக்கம் நசுங்கிய ஒரு சின்ன லாரியின் கேபினுக்குள் டார்ச்சை அடித்து, "அப்பா, இந்தச் செருப்பு யாரோடது?" என்று கேட்டாய். ஒற்றைச் செருப்பு. பக்கத்திலேயே மூடி திறக்காத டிபன் டப்பா. எனக்கு அதெல்லாம் பழக்கம், வலது பக்கக் கதவு இவ்வளவு, ரேடியேட்டர் இவ்வளவு என்று எழுதிக்கொண்டே போய்விடுவேன். நீ கேட்ட பிறகு என்னால் எழுத முடியவில்லை. அடுத்த வாரத்திலிருந்து உன்னை அழைத்துப் போவதை நிறுத்திவிட்டேன். ஏன் என்று கேட்டாய், ஹோம்வொர்க் இருக்கிறதே என்றேன். பார், அப்போதே ஒரு பொய் சொல்லியிருக்கிறேன்.

நான் என்ன சொல்ல வருகிறேன் என்றால், ஒழுங்காக ஓடி ஒழுங்காக வீடு திரும்பும் வண்டியை எனக்குத் தெரியாது. அப்படிப்பட்ட வண்டிகள் என்னிடம் வந்ததே இல்லை. அந்த நிமாய் பாபுவின் வண்டியில் நீ ஏறி, ஸ்டியரிங்கில் கை வைத்துக்கொண்டு, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தாய். எனக்கு அந்தச் செருப்பு ஞாபகம் வந்தது. இதுமட்டும்தான் காரணம் என்று எழுதினால் நான் நல்லவனாகத் தெரிவேன். இன்னொன்றும் உண்டு. நம் தமிழ்ச் சங்கத்து விழாவில் ஒருவர், "என்ன சார், பொண்ணு வேலைய விட்டுட்டு லாரி ஓட்டப் போறாளாமே?" என்று கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன். அந்தச் சிரிப்புக்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம். நீ கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தபோது எந்த வேலை செய்தாய் என்று எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை, ஆனாலும் அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். செடி வளர்ப்பது எனக்குப் புரிகிறது. புரிகிற வேலையைச் சொல்ல வாய் வரவில்லை.

சரி, என் பேச்சு இனி செல்லாது என்பதால், நீயே பார்க்கக் கற்றுக்கொள். நான் இதில் மேதாவி என்று நினைத்துவிடாதே. நாம் பவானிபூர் வீட்டுக்கு வாங்கிய முதல் செகண்ட் ஹேண்ட் காரை ஞாபகம் வைத்திருப்பாய். அம்மா பஞ்சாங்கம் பார்த்து, காலை ஒன்பதுக்கு மேல் பத்தரைக்குள் நல்ல நேரம் என்றாள். நான் பெரிய புத்திசாலியாக, விற்பவனுக்குப் போன் போட்டு, "சரியா ஒன்பது பத்துக்கு வந்துருவோம்" என்று சொல்லிவைத்தேன். அவன் எட்டரைக்கே எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, துடைத்து நிறுத்தியிருந்தான். சாவியைத் திருப்பியதும் பாட்டுப் பாடியது. எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்கி வீட்டுக்கு ஓட்டி வந்தோம். ஜனவரிக் குளிரில், உன் பரீட்சை அன்று காலை, அது இருமக்கூட இல்லை. யூனிஃபார்மோடு நீ தள்ள, எதிர்வீட்டு போஸ் காக்கு லுங்கியோடு தள்ள, இன்சூரன்ஸ் சர்வேயர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தெருவே சிரித்தது. அன்றிலிருந்து எனக்கு ஒரு விதி உண்டு. நல்ல நேரத்தை நாம் பார்த்துக்கொள்ளலாம், அதை விற்பவனுக்குச் சொல்லக் கூடாது.

ஆகவே, ஞாயிற்றுக்கிழமை சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் நில். வணக்கம் சொல்வதற்கு முன்னால் பானெட்டில் உள்ளங்கையை வை. வெதுவெதுப்பாக இருந்தால் டீ குடித்துவிட்டு, இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடு. குளிர்ந்திருந்தால் முதலில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார். குளிர்ந்த எஞ்சினில் மட்டும்தான் அதைத் திறக்க வேண்டும், சூட்டில் திறந்தால் முகத்தில் அடிக்கும். தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் மிதக்கக் கூடாது. எஞ்சின் ஆயில் அளக்கும் கம்பியை உருவிப் பார். ஆயில் கறுப்பாக இருந்தால் பயப்படாதே, டீசலில் அப்படித்தான் இருக்கும். பால் விட்ட காபி நிறத்தில் இருந்தால்தான் பயப்பட வேண்டும், உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் சாவியைத் திருப்பு. நீ ஸ்டார்ட் பண்ணு, அவர்கள் பண்ணக் கூடாது. ஓடத் தொடங்கியதும் புகையைப் பார். கொஞ்சம் கறுப்பாகப் புகைந்து அடங்கினால் பரவாயில்லை. நீலப் புகை நிற்காமல் வந்தால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது. வெள்ளைப் புகை சூடான பிறகும் வந்துகொண்டிருந்தாலும் வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திருகித் தளர்த்தி, அப்படியே மேலே வைத்துப் பார். மூடி துள்ளி, அடியிலிருந்து புகை குபுகுபுவென்று வந்தால் எஞ்சினுக்கு வயதாகிவிட்டது. எனக்கு மாடிப்படி ஏறும்போது வருவது மாதிரி.

வெள்ளத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இந்த ஊரில் அதுதான் பெரிய பயம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து மூக்கருகே வைத்துப் பார். சீட்டை எவ்வளவு மாற்றினாலும் பெல்ட்டின் அடிப்பகுதியைக் கழுவ யாருக்கும் தோன்றாது. சேறு காய்ந்த வாசனையை உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, மண்ணில் உழல்கிறவள் நீ. மிதியடியைத் தூக்கு, சீட் நகரும் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா பார், டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டுத் தடவு. நீ மண் மூட்டைகள் ஏற்றப் போகிறாய், அதனால் பின்பக்கம் குனிந்து பட்டை ஸ்பிரிங்கை எண்ணு. இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் இருக்க வேண்டும். கூடுதலாகப் பட்டை சேர்த்திருந்தால் அளவுக்கு மேல் சுமந்த வண்டி. காலி வண்டியை ஓட்டிப் பார்த்துத் திருப்தி அடையாதே, சுமை ஏற்றித் தரச் சொல். நம் ஊரில் மலை இல்லை, மேம்பாலம்தான் மலை. மூன்றாவது கியரில் அதில் ஏற்றிப் பார், மூச்சு வாங்குகிறதா, கிளட்ச் வழுக்குகிறதா என்று கால் சொல்லும். காகிதத்தைக் கடைசியில் பார். நம் குடும்பம் குமாஸ்தாக் குடும்பம், முத்திரையைப் பார்த்ததும் மனசு இளகிவிடும். ஆர்.சி.யில் இருக்கும் எண்ணும் வண்டியில் இருக்கும் எண்ணும் ஒன்றா, லோன் பாக்கி இல்லையென்று எழுதிக் கொடுத்த காகிதம் இருக்கிறதா, எத்தனை வருடத்து வண்டி என்பதைப் பார்த்தால் போதும். பென்சிலால் தேய்க்க உனக்குத் தெரியும்.

இனி நிமாய் பாபுவின் வண்டிக்கு வருகிறேன். அன்று நாம் சொல்லாமல் கொள்ளாமல்தான் போனோம். பானெட் ஜில்லென்று இருந்தது. முதல் திருப்பிலேயே ஓடியது. நான் அடியில் படுத்து முழுவதும் பார்த்துவிட்டு எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டபோது, உன் முகத்தில் இருந்த எதிர்பார்ப்பைப் பார்த்தேன். அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா, நம் குடும்பமே மூன்று தலைமுறையாகச் செய்வதைச் செய்தேன். புடவைக் கடைக்காரர் எதிரில், "விலை ஜாஸ்தி சொல்றான், எழுந்திரு" என்று அம்மா முகம் மாறாமல் சொல்வாளே, அதே மாதிரி. தமிழ் நமக்கு இந்த ஊரில் ஒரு திரை. அதற்குப் பின்னால் நின்று யார் எதிரிலும் எதையும் சொல்லலாம். சிரித்த முகத்தோடு, "வசு, சேசிஸ்ல வெல்டிங் இருக்கு. பெரிய அடி வாங்கின வண்டி. வேணாம்" என்றேன். உன் முகம் விழுந்தது. அவரிடம் வங்காளத்தில், யோசித்துச் சொல்கிறோம் காக்கு என்றாய். அவர் மண் குவளையில் டீ வாங்கிக் கொடுத்தார். உனக்கு இரண்டு பிஸ்கட் கூடுதலாகக் கொடுத்தார். நானும் அந்த டீயைக் குடித்தேன்.

போன புதன்கிழமை பென்ஷன் விஷயமாகப் பேங்குக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேனே, பேங்குக்குப் போகவில்லை. கார்டன் ரீச்சுக்குப் பஸ் ஏறினேன். வண்டி விற்றுப் போயிருந்தால் நல்லது, தெரிந்துகொண்டு பேசாமல் திரும்பிவிடலாம் என்று ஒரு கோழை ஆசை. வண்டி அங்கேயே நின்றது. தரகர்கள் இரண்டு பேர் வந்தார்களாம், தரகனுக்குக் கொடுக்க மாட்டேன் என்று அனுப்பிவிட்டாராம். முதுகுத்தண்டு தேய்ந்து டாக்டர் ஓட்டக் கூடாது என்றதால்தான் விற்கிறார், இல்லையென்றால் விற்கிற வண்டியே இல்லை. அவர் எனக்கு நாற்காலி போட்டார். நான் வங்காளத்தில், இன்னொரு முறை பார்க்க வந்தேன் என்று இழுத்தேன். அவர் உள்ளே போய் ஒரு டார்ச் எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டுத் தமிழில் பேசினார்.

"சார், அந்த வெல்டிங் எங்கே இருக்கு? காட்டு."

பதினோரு வருடம் அவர் கல்கத்தாவிலிருந்து சென்னை மாதவரத்துக்கு லாரி ஓட்டியவர். லாரி ஸ்டாண்டில் கற்ற தமிழ், அதில் எல்லோருக்கும் 'நீ'தான். டார்ச்சை மடியில் வைத்துக்கொண்டேன். அன்றைக்கே என் பெண்ணிடம் ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டேன். அவர் ஏதோ நான் புரியாமல் கேட்டதுபோலப் பார்த்தார்.

"பொண்ணு நின்னுச்சு சார். பொண்ணு முன்னாடி அப்பாவைப் பொய்னு எப்படிச் சொல்றது?"

வசு, அந்த மனிதரின் வண்டியை அவர் வீட்டு வாசலிலேயே நின்று நான் கெடுத்தேன். அவர் எனக்காகத் தன் வாயை மூடிக்கொண்டு டீ வாங்கிக் கொடுத்தார். விற்றால் அவர் கஷ்டம் தீரும். இருந்தும் உன் கண்ணில் நான் சிறுத்துப் போகக் கூடாது என்று நினைத்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. அவர் வேறு பக்கம் திரும்பி டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா அப்பாதான் என்று நீ போன மாதம் அங்கிருந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் பஸ்ஸில் சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? நீங்க இல்லேன்னா ஏமாந்திருப்பேன் என்றாய். அந்த வார்த்தையை இத்தனை நாளாக நான் முழுங்க முடியாமல் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவிடம் நேற்றுத்தான் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். "அவகிட்ட நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா அது சமாதானம் பேசின மாதிரி ஆயிடும்" என்றாள். அப்புறம் கத்தரிக்காய்க்குத் திரும்பிவிட்டாள். இந்தக் கடிதம் அவள் சொல்லித்தான்.

நிமாய் பாபுவின் வண்டியை நீ வாங்கித்தான் ஆக வேண்டும் என்று சொல்ல வரவில்லை. பொய்யைத் திருத்துகிற அவசரத்தில் இன்னொரு பக்கம் சாய்ந்துவிடக் கூடாது. இதுதான் உண்மையான அறிக்கை, முழுவதும் படி. எஞ்சின் நன்றாக இருக்கிறது. ஆயில் மூடியை நான் தளர்த்தி வைத்தேன், அசையாமல் உட்கார்ந்திருந்தது. பின்பக்கம் வலதுபுறம் ஒரு பட்டை மாற்றியிருக்கிறார், கூடுதலாகச் சேர்க்கவில்லை. கிளட்ச் இன்னும் ஒரு வருடம் தாங்கினால் அதிகம். முன் டயர் இரண்டும் மாற்ற வேண்டும். இடது கதவு மழைக்காலத்தில் இறுகும், அவரே சொன்னார். லோன் கிடையாது. பைபாஸ் யார்டில் இருப்பது இதைவிட நல்ல வண்டியாக இருந்தால் அதையே எடு. எதை எடுப்பதென்று உன் கையும் மூக்கும் காதும் சொல்லட்டும். என் முகத்தைப் பார்த்து முடிவெடுக்காதே. உன்னைப் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லியனுப்பினார். போன் போட வேண்டாம், எந்த நேரமும் வரலாம், நீ வரும் வரை சாவியைத் தொட மாட்டேன், எஞ்சின் குளிர்ந்தே இருக்கும் என்றார்.

வண்டி ஓட்ட நீ பயப்பட மாட்டாய் என்று எனக்குத் தெரியும். பயம் என்னுடையது. நீ வீடு திரும்பும் வரை ஜன்னல் பக்கம் நிற்பேன், அதை நிறுத்தச் சொல்லாதே. ஆனால் அந்தப் பயத்தை உன் வண்டியில் ஏற்ற மாட்டேன். சங்கத்தில் அடுத்த தடவை யாராவது கேட்டால், ஆமாம், லாரிதான் ஓட்டுகிறாள், உங்கள் மொட்டைமாடிக்குச் செடி வேண்டுமா என்று கேட்பேன்.

என்மேல் கோபமாக இருப்பாய், இரு. எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு, எனக்குத் தகும். ஞாயிற்றுக்கிழமை நான் வரலாமா என்று கேட்க எனக்கு உரிமை இல்லை, இருந்தாலும் கேட்கிறேன். வந்தால் தமிழிலும் பேச மாட்டேன், வங்காளத்திலும் பேச மாட்டேன். வண்டிக்கு அடியில் நீ படுத்துக்கொள், எனக்கு இனி முட்டி மடங்காது. நீ எந்த இடத்தைக் காட்டச் சொல்கிறாயோ அந்த இடத்தில் டார்ச் அடித்துக்கொண்டு நிற்கிறேன்.

டார்ச்சில் புது பேட்டரி போட்டிருக்கிறேன். தனியாகப் போவதானால் அதை உன் பையில் எடுத்து வைத்துக்கொள், நான் ஒன்றும் கேட்க மாட்டேன். என்னையும் கூட்டிப் போவதானால் மேசையிலேயே விட்டுவை. ஞாயிறு காலை நான் எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கிறேன்.

அப்பா